பின்னால் பறந்த வல்லூறு

அத்தியாயம் ஏழு

பழிவாங்கும் வெறி மனித குலத்தின் மிகப் பழைய நெருப்பு. அரியணைகள் அதில் எரிந்திருக்கின்றன. வம்சங்கள் அதில் சாம்பலாகியிருக்கின்றன. நீதி என்ற சொல்லே அந்த நெருப்பின் புகையிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்த நெருப்பு ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில், கடைக்காரர்கள் சங்கத் தலைவியின் அறையில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. காரணம், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கர பிரேக் ஷூ.

தலைவி உட்காரவில்லை. வஞ்சினம் கொண்டவர்கள் உட்காருவதில்லை என்று எங்கோ படித்திருப்பார் போல. சன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே நடந்தபடியே துப்பறிவாளரிடம் விஷயத்தைச் சொன்னார். அவருடைய தம்பிக்கு வயது நாற்பத்தொன்று. தொழில், தன்னம்பிக்கைப் பயிற்சி. வாராவாரம் 'தடுமாறாதே' என்ற தலைப்பில் வகுப்பு எடுப்பவர். பத்து நாளைக்கு முன்னால் பாலத்து இறக்கத்தில் அவருடைய வண்டியின் பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல இறுகிவிட்டது. வண்டி ஒரு பக்கமாகவும் பயிற்சியாளர் இன்னொரு பக்கமாகவும் இறக்கத்தை இறங்கி முடித்தார்கள். தோளெலும்பு முறிவு. அதற்கு மூன்று வாரம் முன்புதான் அந்த வண்டி இதே வளாகத்தின் பின்புறமிருந்த மெக்கானிக் ஷெட்டில் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது.

"அஞ்சு மணிக்குக் கூட்டம். அஞ்சரைக்கு அந்த ஷெட்டுக்குப் பூட்டு" என்றார் தலைவி.

தீர்மானம் தட்டச்சாகி மேஜைமேல் தயாராக இருந்தது. ஓர் உயிரோடு விளையாடிய மெக்கானிக் இன்றோடு காலி செய்ய வேண்டும். அவருடைய படம் ஒரு வருட காலம் வளாகத்து வாசலில் எச்சரிக்கைப் பலகையில் இருக்கும். படத்தைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். மெக்கானிக் கண்ணைப் பாதி மூடி, தும்மலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த படம். இனி வேண்டியது ஒரு துப்பறிவாளரின் அறிக்கை மட்டும்தான். ரெண்டு பக்கம் இருந்தால் போதும், கடைசி வரி என்னவென்று தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

துப்பறிவாளரை வளாகத்தில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். அவர் கையில் எப்போதும் அது இருந்தது. அதற்குள் எதுவும் அகப்பட்டதாகத்தான் தகவல் இல்லை. அவருடைய அலுவலகம் தலைவி வீற்றிருந்த மாடிக்குப் போகும் படிக்கட்டின் அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் அங்கே அவர் பணிவாகவே இருந்து பழகிவிட்டார். இந்த வழக்கை அவர் ஆசையோடு எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. போன வருடம் அந்த மெக்கானிக் நாலு பேர் முன்னால் இவருடைய ஸ்கூட்டரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது ஸ்கூட்டர் இல்ல சார், மிக்ஸி. இத சமையலறைல வைங்க" என்று சொல்லியிருந்தார். துப்பறிவாளர் அதை மறக்கவில்லை. மறக்க முயன்றதாகவும் தெரியவில்லை.

உதவியாளர் அவருடைய மைத்துனி, மனைவியின் தங்கை. ஆறு வருடம் செருப்புக் கடையில் வேலை பார்த்துவிட்டு, 'கால்களைப் பார்த்தது போதும், இனி முகங்களைப் பார்க்கலாம்' என்று இந்தத் தொழிலுக்கு வந்தவள். படியிறங்கும்போது அவள் சொன்னாள்: "குற்றவாளி யாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க. தண்டனையும் டைப் அடிச்சாச்சு. போற வழியில துப்பு மட்டும் எங்கயாவது வாங்கிக்கலாம் அத்தான்."

ஷெட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. ஸ்பானர்கள் அளவு வாரியாகத் துணியில் சுற்றப்பட்டிருந்தன. இருபத்திரண்டு வருட எண்ணெய் தரையில் கறுப்புப் பளிங்காக மின்னியது. மேலே பலகையில், 'எந்த வண்டியும் சத்தத்திலேயே தெரியும்' என்று எழுதியிருந்தது. மெக்கானிக்குக் காது மாஸ்டர் என்று பெயர் வந்தது அதனால்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஓடும் இஞ்சினைக் கேட்டே கம்பெனி, மாடல், வருடம், வண்டிக்காரரின் குணம் வரை சொல்லிவிடுவார் என்று கீர்த்தி. அந்தக் கீர்த்தியில் பெரும்பகுதியை அவரே பரப்பியிருந்தார்.

கேட்டதற்கு அவர் மறைக்காமல் சொன்னார். தம்பி வண்டியைக் கொண்டு வந்தார். என்ன மாடல் என்று இவர் கேட்டார். 'வல்லூறு ராயல்' என்று அவர் சொன்னார். பக்கவாட்டு மூடியிலும் ராயல் என்றே ஒட்டியிருந்தது. ஸ்டார்ட் செய்து கேட்டார், காதும் ராயல் என்றது. ஆகவே ஜாப் கார்டில் ராயல் என்று எழுதி, ராயலுக்கான பின்பக்க பிரேக் ஷூவைப் போட்டார். பிரேக் கம்பியின் நட்டை முறுக்கும்போது மட்டும், அது வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி மரையின் கடைசி வரைக்கும் போனது. புது ஷூதானே, ஓட ஓட செட் ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்.

துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டார்.

"ஆக, குற்றத்தைத் தாங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்றார். குற்றவாளிகளிடம் அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார். "வழக்கு நான்கே நிமிடங்களில் முடிவுக்கு வந்துவிட்டது. மிக்ஸி என்று ஒரு காலத்தில் யாரோ சொன்னதாக நினைவு. போகட்டும்."

மைத்துனி அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு கொண்டுவந்து சுவரோரம் சாய்த்திருந்த அதே வண்டியின் இந்தப் பக்கம் குந்தினாள், அந்தப் பக்கம் போய்க் குந்தினாள், மறுபடி இந்தப் பக்கம் வந்தாள்.

"அத்தான், இந்தப் பறவை பின்னாடி பறக்குது."

இரண்டு மூடிகளிலும் ராயல் என்ற எழுத்துக்கு மேலே சிறகு விரித்த வல்லூறு ஒன்று இருந்தது. இடது பக்கத்து வல்லூறு ஹெட்லைட்டைப் பார்த்துப் பறந்தது. வலது பக்கத்து வல்லூறு வாலைப் பார்த்துப் பறந்தது. ஒரே வண்டியில் ஒரு பறவை முன்னால் போக, இன்னொன்று வீட்டில் எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பிக்கொண்டிருந்தது.

"ரெண்டுமே இடது. ஆறு வருஷம் இதத்தானே பாத்தேன். ஜோடி மாறிப் போட்டுட்டு வர்றவங்கள வாசல்லயே கண்டுபிடிச்சிடுவேன்" என்றாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். ஸ்டிக்கர் நகத்தில் எழும்பி வந்தது. கம்பெனி ஒட்டியது வார்னிஷுக்கு அடியில் கிடக்கும், நகத்துக்கு அகப்படாது என்று காது மாஸ்டர் முணுமுணுத்தார். முணுமுணுத்த பிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்தது.

சீட்டுக்குப் பின்னால் வண்டியின் இரும்புச் சட்டத்தில் நாலு ரப்பர் மூடிகள் இருந்தன. அவை எதற்கு என்று மைத்துனி கேட்டாள். மாஸ்டர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். உள்ளே கேரியர் மாட்ட போல்ட் போடும் துளை. மற்ற மூன்றும் அப்படியே. முகம் மாறியது. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் அப்பியிருந்த கிரீஸைத் துடைத்தார். அடியில் வரிசையாக எண்ணும் எழுத்தும் குத்தியிருந்தது. அலமாரியிலிருந்து வல்லூறு வண்டிகளின் உதிரிபாகப் புத்தகத்தை எடுத்தார். கம்பெனிக்காரர்கள் கொடுத்து நாலு வருடம் ஆன புத்தகம். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

அவர் பல்லால் உறையைக் கிழித்தார்.

வல்லூறில் மூன்று வகை. சாதா, ராயல், பாரம். மூன்றுக்கும் ஒரே இஞ்சின், ஒரே டேங்க், ஒரே சைலன்சர். அதாவது ஒரே சத்தம். சட்டத்து எண்ணின் ஏழாவது எழுத்துத்தான் வகையைச் சொல்லும் என்று முதல் பக்கத்திலேயே, கட்டம் போட்டு அச்சிட்டிருந்தது. இந்த வண்டியின் ஏழாவது எழுத்து, பாரம். கேஸ் சிலிண்டரும் தண்ணீர் கேனும் சுமப்பதற்கென்றே செய்த வகை. சுமையோடு நிறுத்த வேண்டும் என்பதால் அதன் பின்சக்கரத்தில் பிரேக் ஷூ விரிந்து அழுத்தும் டிரம் ராயலைவிடப் பெரியது.

பெரிய டிரம்முக்குள் சின்ன ஷூ. அது சுவரைத் தொடவே முழுக்கைச் சட்டைக்குள் குழந்தை கை நீட்டுவதுபோல எட்டி எட்டி விரிய வேண்டியிருந்தது. தேயத் தேய இன்னும் எட்டியது. பாலத்து இறக்கத்தில் தம்பி முழுப் பலத்தோடு மிதித்தபோது, ஷூவை விரிக்கும் கட்டை எல்லை தாண்டிப் புரண்டு அப்படியே மாட்டிக்கொண்டது. சக்கரம் நின்றது. தம்பி நிற்கவில்லை.

காது மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்தார். "புத்தகத்தப் பிரிக்காதது என் தப்பு. நட்டு கடைசி வரைக்கும் போனப்பவே நிறுத்தியிருக்கணும், அதுவும் என் தப்பு. அதுக்கு நான் தலை குனியறேன்" என்றார். பிறகு ஒரு டயர் லீவரைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "ஆனா பாரவண்டிக்கு ராயல்னு ஒட்டினவன் யாரு? இருபத்திரண்டு வருஷத்த ஒரு ஸ்டிக்கர்ல அழிச்சவன் யாரு? அவன் பேர மட்டும் சொல்லுங்க. அவன அஞ்சு மணிக்கு அத்தன பேர் முன்னாடி நிக்க வெச்சு…"

அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. யாரையும் அடித்துப் பழக்கமில்லாதவர். லீவரைத் துணியில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

வழக்கு கையைவிட்டு நழுவியதில் துப்பறிவாளருக்கு வருத்தம். ஸ்டிக்கர் ஒட்டியவன் பழைய வண்டி விற்றவனாகத்தான் இருக்க வேண்டும், அவனை இனிமேல் எங்கே தேடுவது என்று அலுத்துக்கொண்டார். மைத்துனி அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டிக்கர் எப்போதும் ஒரு தாளில் இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாகத்தான் வரும். யாரோ ஒருவர் இரண்டு இடது வாங்கிப் போயிருக்கிறார் என்றால், யாரோ ஒரு கடைக்காரரிடம் இரண்டு வலது விற்காமல் கிடக்கிறது. செருப்புக் கடையில் ஒற்றைக் கால் செருப்பு மீந்துவிட்டால் முதலாளி சாகிற வரைக்கும் அந்த வாடிக்கையாளரை மறக்க மாட்டார் என்பது அவள் அனுபவம்.

பின்தெருவில் ஸ்டிக்கர் கடைகள் மூன்று. முதல் இரண்டு கடையிலும் துப்பறிவாளர் அடையாள அட்டையை நீட்டி, உண்மையைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். இரண்டு கடையிலும் மதிய உணவு இடைவேளை என்றார்கள். மணி நாலு. மூன்றாவது கடையில் மைத்துனி அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, வல்லூறு ராயல், வலது பக்கம் மட்டும் கெடைக்குமா?"

கடைக்காரர் எழுந்து நின்றார். கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

"ரெண்டு இருக்கும்மா" என்றார். குரல் தழுதழுத்தது. "எட்டு மாசமா இந்தக் கேள்விக்காகத்தான் ஒக்காந்திருக்கேன்."

இடது இரண்டையும் யார் வாங்கிப் போனது என்று அவள் கேட்டதும் அந்தத் தழுதழுப்பு போய்விட்டது. கடைக்காரர் கொட்டித் தீர்த்தார். அவசரமாக வந்தார்களாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார்களாம். ஒன்று இந்தப் பக்கம் பார்க்கும், ஒன்று அந்தப் பக்கம் பார்க்கும், அதுதான் ஜோடி என்று இவர் சொன்னாராம். எனக்கு நீ பாடம் எடுக்காதே என்று, ஒரே திசையைப் பார்க்கும் இரண்டைத் தாங்களே கிழித்து எடுத்துக்கொண்டார்களாம். இவர் மறுத்துப் பேசியதற்கு, நான் யார் தெரியுமா என்று விசிட்டிங் கார்டை முகத்துக்கு நேரே வீசினார்களாம்.

"யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். தினமும் கடை தெறந்ததும் அந்த மூஞ்சில ஒரு பின்ன குத்துவேன். அப்புறந்தான் வேலை" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் இரண்டு வலதுபக்க வல்லூறுகளுக்கு நடுவே ஓர் அட்டை தொங்கியது. குண்டூசித் துளைகளால் சல்லடையாகியிருந்தது. உள்ளே வந்த துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். படம் பெரிதாகவே அச்சாகியிருந்ததால் கண்ணாடிக்கு அவசியம் வரவில்லை. படத்துக்குக் கீழே, 'தலைவி, கடைக்காரர்கள் சங்கம்' என்று போட்டிருந்தது.

திரும்பும் வழியில் துப்பறிவாளர் மெதுவாக நடந்தார். அறிக்கை என்பது பல கோணங்களைக் கொண்டது, உண்மை என்பதும் அப்படித்தான் என்று தொடங்கினார். தன் அலுவலகம் யாருடைய படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதையும் இடையில் ஞாபகப்படுத்தினார். மைத்துனி கடைசி வரை கேட்டுவிட்டு, "சரி அத்தான். நீங்க பயந்துட்டீங்கன்னு அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிடறேன்" என்றாள். துப்பறிவாளர் வேகமாக நடந்தார்.

நாலே முக்காலுக்குத் தலைவி கண்ணாடி முன்னால் நின்று, தீர்மானத்தை உரக்க வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 'உயிரோடு விளையாடிய' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. துப்பறிவாளர், 'நீதி என்பது யாதெனில்' என்று ஆரம்பித்தார். மைத்துனி கடையில் வாங்கி வந்த வலதுபக்க வல்லூறு ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, பாரம், ரப்பர் மூடி, ஏழாவது எழுத்து, கடைச் சுவரில் தொங்கும் அட்டை எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

தலைவி அன்று முதல் தடவையாக உட்கார்ந்தார்.

மறுக்கவில்லை. சங்கத்தின் துணைத்தலைவி தன் தம்பிக்குப் புது ராயல் வாங்கிக் கொடுத்து, தான் பின்னால் உட்கார்ந்து அவனை வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வைத்தாளாம், அதுவும் இந்தச் சன்னலுக்கு நேர் கீழே. இவர் பழைய வண்டிக்காரரிடம் போனார். ஒரு கேஸ் ஏஜென்சி கழித்துவிட்ட வண்டி, அதே சிவப்பு நிறத்தில் நின்றது. கேரியரைக் கழற்ற வைத்து, ஸ்டிக்கரை இவரே ஒட்டினார். தம்பியிடம் ராயல் என்றே சொல்லிக் கொடுத்தார்.

"அவ மூஞ்சியப் பாக்கணும்னுதான் வாங்கினேன்" என்றார். "பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?" என்று மைத்துனி கேட்டாள்.

தலைவிக்குப் பொய் சொல்லும் தெம்பு இல்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு."

பிறகு, தம்பிக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்திருந்தபோதும், வண்டிக்கு என்ன ஆச்சுக்கா என்றுதான் முதலில் கேட்டானாம். தீர்மானத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். துணைத்தலைவி முன்னால் மட்டும் இது வெளியே வந்தால் தான் உயிரோடு இருந்து பயனில்லை என்றார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை.

கூட்டம் மாடி அரங்கில். மெக்கானிக் துவைத்த சட்டை போட்டு, உதிரிபாகப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். துணைத்தலைவி அதே வரிசையில் மறுகோடியில். தம்பி தோளில் கட்டோடு கதவோரம். தலைவி எழுந்து, விசாரணையில் சில தொழில்நுட்ப விஷயங்கள் தெரியவந்திருப்பதால் தீர்மானம் கைவிடப்படுகிறது, ஷெட் இருக்கும், எல்லோருக்கும் நன்றி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்தார்.

காது மாஸ்டர் எழுந்தார். "என் படத்த வாசல்ல மாட்டறதா இருந்துச்சு. மாட்டலன்னா சந்தோஷம். ஆனா அந்த வண்டிக்கு ராயல்னு பொய்யா ஒட்டினவங்க பேரு எனக்கு வேணும். இங்கயே, இப்பவே."

துணைத்தலைவி மெல்லத் திரும்பித் தலைவியைப் பார்த்தார். எதையோ மோப்பம் பிடித்துவிட்ட பார்வை. தலைவியின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. துப்பறிவாளர் கூரையில் ஏதோ தடயம் தேடினார்.

"நான்தான்" என்றது கதவோரக் குரல்.

தம்பி எழுந்து நின்றார். வகுப்பெடுக்கும் குரல் அல்ல அது. வீட்டில் பேசுகிற குரல். வண்டி வந்த முதல் நாளே சீட்டைக் கழற்றிப் பார்த்ததாகச் சொன்னார். அடியில், கேஸ் ஏஜென்சி வண்டி எண் பதினாலு என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. அக்கா ஆசையாகக் கொடுத்ததை என்னவென்று கேட்பது என்று சீட்டை மூடிவிட்டார். சர்வீஸுக்கு விட்ட அன்று மாஸ்டர் என்ன மாடல் என்று கேட்டபோது உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஷெட் பெஞ்சில் துணைத்தலைவியின் தம்பி உட்கார்ந்திருந்தார். வாயில் ராயல் என்றுதான் வந்தது.

மெக்கானிக் பிற்பகல் முழுக்க மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் எதை எடுப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

"காதுல வந்து சொல்லியிருந்தாக்கூடப் போதுமே சார். பெரிய ஷூ போட்டிருப்பேன்" என்றார்.

"அவன் மேல பழி போடாதீங்க" என்று தலைவி எழுந்தார். "அவன் மறைச்சான், அவ்வளவுதான். ஒட்டினது நான். ரெண்டு பக்கமும் நான்தான். நீங்க படம் மாட்டணும்னா என் படத்த மாட்டிக்கோங்க."

துணைத்தலைவி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அவர் அழவில்லை என்பது கடைசி வரிசைக்குக்கூடத் தெரிந்தது. தலைவி அதை முழுவதுமாக, கண்ணைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி நடந்து வந்து அக்கா பக்கத்தில் நின்றார்.

மெக்கானிக் ஷெட் அதே இடத்தில் தொடரும், இனி எந்த வண்டியும் சட்டத்து எண் படிக்கப்பட்ட பிறகே கழற்றப்படும் என்று புதுத் தீர்மானம் ஒன்று வந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. செயலாளர் குறிப்பேட்டில் எழுதுவதற்காகத் தலைகளை எண்ணினார். மறுபடியும் ஒரு தடவை எண்ணினார். சங்க விதிப்படி எந்தத் தீர்மானமும் செல்லுபடியாகப் பதினைந்து உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். அன்று வந்திருந்தவர்கள் பதினொரு பேர்.